ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறினால் இரைப்பை விரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் பற்றி, "எடை திரும்ப ஏறினால் இரைப்பை பழையபடி விரிந்துவிட்டது, ரிவிஷன் (மறு ஆபரேஷன்) ஒன்றுதான் வழி" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஸ்லீவில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியே எடுத்துவிடுகிறார்கள், அது திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பது வருடப்போக்கில் கொஞ்சம் தளரும், சரி, ஆனால் பழியை எல்லாம் அதன் தலையில் போட முடியாது. ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்களுக்கே முதல் 2 வருடத்துக்குள் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்து, 10 வருடத்தில் அது 25 சதவீதமாகத்தான் நின்றது, அதாவது கொஞ்சம் திரும்ப ஏறுவது சகஜம்.

எனக்கு நான்காம் வருடம் 9 கிலோ ஏறியது. டயட்டீஷியன் ஒரு வாரம் தின்றதை எல்லாம் எழுதி வரச் சொன்னார். மூன்று வேளையும் ஒழுங்குதான், நடுவில் சர்க்கரை போட்ட காபி நாலு, டிவி முன்னால் மிக்சர், முறுக்கு. இதெல்லாம் எவ்வளவு சின்ன இரைப்பையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்! ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மாத்திரைகளும் எடையை ஏற்றும்.

ரிவிஷனில் முதல் ஆபரேஷனைவிடக் கசிவு, தொற்று அபாயம் அதிகம். எண்டோஸ்கோப்பி, பேரியம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். தீராத நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் பைபாஸுக்கு மாற்றுவது நியாயம். பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், இரைப்பையைச் சுருக்கும் என்று சொல்லப்படும் '5 நாள் ரீசெட்' கஞ்சி டயட் அப்படி எதையும் சுருக்காது.