தண்ணீர் நின்று திரும்பி வரும் அந்த அரை மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டில், எங்கள் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். இரண்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலை ஏழு மணிக்குப் புஸ்ஸென்று காற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. எல்லோரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் அண்டா நிரம்பியதும் ஓர் அக்கா அதில் மோர் கரைக்கப் போனார். நான் தடுத்தேன். "தெளிவாத்தானேம்மா இருக்கு, இதுல என்ன?" என்று கேட்டார். அவருக்கு அங்கே நின்று சரியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டர்பன் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: தண்ணீர் நிற்காமல் வரும் நாட்களில் நான் குடிக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். நின்று திரும்பி வரும் நாளில் கொடுப்பதில்லை.

காரணம் குழாய்க்குள்ளே இருக்கிறது. மண்ணுக்கடியில் ஓடும் பழைய குழாய்களில் விரிசல் இல்லாத குழாய் எங்கே இருக்கிறது? உள்ளே அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். நஷ்டம்தான், ஆனால் வீட்டுக்கு வருவது கெடாது. தண்ணீர் நின்று அழுத்தம் போனதும் கதை தலைகீழாகிறது. வெளியே மண்ணில் ஊறி நிற்கும் தண்ணீர் அதே விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது. பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாயும் ஒழுகினால் என்ன இறங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம் தண்ணீரைத் திறந்துவிட்டதும் அத்தனையும் முதல் வேகத்தில் நம் அண்டாவுக்குத்தான் வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்திருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. பால் மாதிரி வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் காற்றுக் குமிழிதான், டம்ளரில் ஊற்றி வைத்தால் அடியிலிருந்து மேலே தெளிந்துவிடும். செம்பழுப்பாக வந்தால் பெரும்பாலும் குழாயில் படிந்த இரும்புத் துருவும் மாங்கனீசும். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் ஈ.கோலை என்ற கிருமி இருக்கும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கலாம். இந்த நாட்டின் குடிநீர்த் தரமான சான்ஸ் 241 படி 100 மில்லி லிட்டரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது. அது தெரிந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரையில் ஈ.கோலை அதிகம் என்று வந்த பட்டியலை "குழாய்த் தண்ணீர் விஷம்" என்று போட்டு அனுப்புகிறார்கள். இரண்டும் வேறு தண்ணீர். டர்பன் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி உம்கேனி ஆற்றின் அணைகளிலிருந்து வருகிறது: மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா. கடலில் கலப்பது ஆறுகளின் கடைசிப் பகுதியில் சேரும் சாக்கடை. அதற்காக அணை சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பீட்டர்மரிட்ஸ்பர்க் ஊரின் அழுக்கைச் சுமந்து வரும் ம்சுண்டுசி ஆறு இனாண்டா அணைக்கு மேலேதான் உம்கேனியில் கலக்கிறது. அந்த ஆற்றில் படகுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருவது எவ்வளவு சகஜம் என்றால், அதற்கு 'டுசி கட்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுத்திகரிப்பும் குளோரினும் இல்லாவிட்டால் நாம் எங்கே நிற்போம் என்பதற்கு இது ஒன்று போதும்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் நம் குவாசூலு-நடால் மாகாணம் எதைப் பார்த்தது என்பதை மறக்கவும் கூடாது. 2000 ஆகஸ்டில் எம்பங்கேனி பக்கம் ங்வெலெசானேயில் காலரா தொடங்கியது. குழாய்த் தண்ணீருக்குக் காசு கட்ட முடியாதவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குப் போனார்கள். 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. 2023 மே மாதம் கௌடெங் மாகாணத்து ஹம்மன்ஸ்கிரால் ஊரில் நாடு மறுபடியும் காலராவைப் பார்த்தது, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ப்ளூ டிராப் என்ற அரசின் குடிநீர்த் தர அறிக்கை, நாட்டின் குடிநீர் அமைப்புகளில் 46 சதவீதம் கிருமி விஷயத்தில் தேறவில்லை என்றது. சிறு ஊர்களின் நிலைமைதான் அதில் மோசம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததை இங்கே இருக்கிற யாரும் மறக்கவில்லை. அன்றைக்கு வாங்கிய ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் இன்றைக்கும் நம் வீட்டு முற்றத்தில் நிற்கின்றன. அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? நிற்கும் தண்ணீரில் குளோரின் நாளாக நாளாகக் குறைந்துபோகும். மூடி சரியாக இல்லாவிட்டால் பல்லி, கொசு எல்லாம் உள்ளே. என் சித்தப்பா வீட்டுத் தொட்டியைத் திறந்தபோது அடியில் விரல் கடைத் தடிமனுக்குச் சேறு. இரண்டு வருடமாக அதில்தான் தேநீர் போட்டார்கள்.

சரி, நான் என்ன செய்கிறேன்? தண்ணீர் திரும்பி வந்ததும் தோட்டத்துக் குழாயைத் திறந்து வாளிகளில் பிடிக்கிறேன். அது கழிவறைக்கும் செடிக்கும். காற்றும் நிறமும் போன பிறகுதான் சமையலறைக் குழாய். அன்றைக்கும் மறுநாளும் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிறேன். மின்சாரமும் இல்லாத நாளில் 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ப்ளீச் கலக்கி, மூடி வைத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எடுப்பேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயமும் நைட்ரேட்டும் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டுக்காரர்கள் இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்காமல் கொஞ்சம் ஓடவிடுங்கள். கீசர் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எங்கள் ஆயா மஞ்சளும், வேப்பிலை மாதிரியான சிரிங்கா இலையும் போட்ட தண்ணீரை வாசலில் தெளிப்பார். அம்மை, பேதி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மனிடம் வேண்டிக்கொள்வார். அதே ஆயா குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சாமல் எங்களுக்குத் தந்ததே இல்லை. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர், தண்ணீரால் பிள்ளைகள் போனதைப் பார்த்தவர். கூழ் நன்றாக வேகும், அதில் பயமில்லை. மோர் வேகாது, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வேகாது. நான் ஞாயிற்றுக்கிழமை தடுத்தது அதனால்தான்.

பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தந்தத் தெருக் குழாயில் சோதித்து, முடிவை அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். நகரம் முழுவதற்கும் சேர்த்துப் போடும் நல்ல மதிப்பெண்ணை வைத்து என் தெருவில் நேற்று வந்த தண்ணீரை நான் எப்படி நம்புவது? இதைக் கேட்க நம்மிடம் கணக்கு வேண்டும். ஜூலை மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டரில் தண்ணீர் நின்ற நேரம், வந்த நேரம், நிறம், வாசனை எல்லாம் எழுதி வருகிறேன். வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்களும் எழுதி வையுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.