பெரும்பாக்கத்துப் பிள்ளைகளும் பூநாரையும்

ஏழைப் பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட மலைப்பிரதேச முகாம் நடத்தச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, நல்லதுதான். ஆனால் சென்னை பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறதே! கூவம் கரையிலிருந்து அங்கே குடியேற்றப்பட்ட பிள்ளைகளுக்கு நான் மாலையில் டியூஷன் எடுக்கிறேன், போன ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை எட்டுப் பேரை ஒரே ஒரு பைனாகுலரோடு சதுப்புநிலத்துச் சாலையோரம் கூட்டிப்போய் நிறுத்தினேன். பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அலசுவதைப் பார்த்த ஆறாம் வகுப்புப் பையன், "அக்கா, மூக்கைத் தலைகீழா வச்சு சாப்பிடுது!" என்று கத்தினான். அப்புறம் பைனாகுலரை யாருக்கும் தரவே இல்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிகள் மாதம் ஒரு தடவையாவது இப்படிக் கூட்டிப்போகட்டும், அதுவும் வலசைப் பறவைகள் இருக்கும் குளிர்காலத்திலேயே.