முகத்தை வரைந்தால் வழக்கு முடிந்துவிடும்

1922 பிப்ரவரி 1 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் திரைப்பட இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரைச் சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. இந்த வழக்கை ஓவியர் ரிக் கியரி 'ஃபேமஸ் பிளேயர்ஸ்' என்ற கிராஃபிக் நாவலாக, அதாவது படக்கதையாக, 2009இல் கொண்டுவந்தார். கடைசிவரை கொலைகாரனைக் காட்டவில்லையே என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். காட்டியிருந்தால்தான் புத்தகம் கெட்டிருக்கும்.

எழுத்தில் 'ஓர் உருவம் வெளியேறியது' என்று சொல்லிக் கடந்துவிடலாம். படத்தில் அந்த உருவத்துக்குத் தொப்பி, தோள், நடை எல்லாம் கொடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டு ஃபெய்த் மக்லீன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, ஒரு ஆள் வெளியே போவதைக் கண்டார். ஆண் உடையில் இருந்த பெண்ணோ என்ற சந்தேகமும் கிளம்பியது. ஆகவே அந்தக் காட்சியை மக்லீனின் வாசலில் நின்று, அவர் பார்த்த தூரத்திலேயே வரைய வேண்டும். ஒரு அடி நெருங்கினாலும் கற்பனை.

அதற்கும் முன்னால் தேவை தரைப்படம். டெய்லர் குடியிருந்த அல்வராடோ கோர்ட் என்பது நடு முற்றத்தைச் சுற்றிய இரண்டடுக்கு வீடுகள். இரவு 7.45 வாக்கில் நடிகை மேபல் நார்மண்டைக் கார் வரை வந்து வழியனுப்ப டெய்லர் வெளியே வருகிறார். அந்த இடைவெளியில் கொலையாளி உள்ளே நுழைந்திருக்கலாம் என்பது பிரபலமான ஊகம். வாசலுக்கும் காருக்கும் எவ்வளவு தூரம் என்று வாசகர் மனதில் பதியாவிட்டால் இந்த ஊகமே நிற்காது.

தோட்டா .38 அளவு. முதுகின் இடப்பக்கம் நுழைந்து மேல்நோக்கிப் போயிருந்தது. கோட்டிலும் உள்கோட்டிலும் இருந்த ஓட்டைகள், கையைத் தூக்கினால்தான் ஒன்றோடொன்று பொருந்தின. மிரட்டலுக்குத் தூக்கிய கையா, அணைக்கப் போன கையா? இரண்டையும் ஒரே அளவுப் படக் கட்டங்களில் அருகருகே வைக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பெரிதானாலும் ஓவியர் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாள் காலைக் காட்சியில்தான் பலர் சறுக்குவார்கள். சடலத்தைப் பெரிதாகப் போட்டு ரத்தம் தெளிப்பார்கள். நடந்ததோ வேறு. டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் வயிற்றில் ரத்தக்கசிவு என்றார், போனார், அப்புறம் அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. உடலைப் புரட்டிய பிறகுதான் குண்டுக்காயம் தெரிந்தது. டெய்லரின் பாக்கெட்டில் 78 டாலர் அப்படியே இருந்தது. அறை முழுக்க ஆட்கள். தடயம் அழிந்தது இப்படித்தான். எனவே கட்டத்தையும் ஆட்களால் நிரப்பி, சடலத்தைக் கால்களுக்கு நடுவே சிறிதாக வைப்பதே சரி.

டெய்லரின் ஸ்டுடியோ ஆட்கள் அவர் வீட்டிலிருந்த கடிதங்களை அள்ளிப் போனதையும் வரையலாம். ஆனால் எழுத்துத் தெரியாமல், கவிழ்த்து.