அலமாரிச் சாவி யாரிடம்?

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு டப்பாவைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுப்பேன். உள்ளே குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் மாத்திரை, அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. வாங்கிக்கொள்பவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மேசை இழுப்பறையில் போடுவார். டப்பா பத்திரமாக இருக்கும். அந்தப் பத்திரம்தான் பிரச்சினை என்று புரிய எனக்கு நான்கு வருடம் ஆனது.

என் மகளுக்கு டைப் 1 டயாபடிஸ், அதாவது நீரிழிவு. ஏழு வயதில் தெரிந்தது, இப்போது பதினொன்று. "இந்த வயசுலயா? இனிப்பு நிறையக் கொடுத்தீங்களோ?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அப்புறம் வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் அதைப் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் உயிர் கொடுக்கிற அதே இன்சுலின் கொஞ்சம் கூடிப்போனாலும் ஆபத்து. ஓடியாடினால், சாப்பாடு தள்ளிப்போனால், சில நாள் காரணமே தெரியாமல் கூட சர்க்கரை சரசரவென்று இறங்கும். நாங்கள் "லோ" என்போம். 70-க்குக் கீழே போனால் லோ. 54-க்குக் கீழே என்றால் விளையாட்டில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டு வகுப்பு முடிந்து கணக்கு வகுப்பு. பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று டீச்சர் அதட்டியிருக்கிறார். "மிஸ், எனக்கு லோ" என்றதும், பாவம், அவர் நல்ல மனதோடுதான், "சரி, உடனே ஆபீஸ் ரூமுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். தனியாக. இரண்டு மாடி கீழே.

சர்க்கரை இறங்கும்போது முதலில் தடுமாறுவது மூளை. கால் நடக்கும், எங்கே போகிறோம் என்பது மறந்துபோகும். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போன ஒரு தோழி பார்த்தபோது, படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்திருக்கிறாள். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை. தோழி அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள். அலமாரி பூட்டு. இழுப்பறையும் பூட்டு. சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார். கடைசியில் அந்தத் தோழி தன் பையிலிருந்த ஜூஸ் டப்பாவை எடுத்து வந்து, ஸ்ட்ராவை வாயில் வைத்துக் குடிக்க வைத்திருக்கிறாள். பதினொரு வயது!

நான் போய்ச் சேர்ந்தபோது மகள் பேசிக்கொண்டிருந்தாள். ஜூஸ் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து மீட்டரில் பார்த்தது 58 என்றார்கள். அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர், "டயாபடிஸ்தானே, இன்சுலின் போட்டிருக்கலாமே?" என்றார். லோவில் இருக்கும் பிள்ளைக்கு இன்சுலின் போட்டால் இன்னும் கீழே தள்ளுவதுதான். அவர்மேல் கோபம் வரவில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லையே. சொல்லியிருக்க வேண்டியவள் நான். டப்பாவை நீட்டிவிட்டு, "அவசரம்னா இது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவள்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. சாவி வந்து அலமாரி திறந்தபோது அந்த ஆரஞ்சுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதியாகி ஐந்து மாதம். இது முழுக்க என் தப்பு.

அந்தப் பெட்டியில் இருப்பது குளுக்ககான். இன்சுலின் வந்த சூட்டிலேயே, 1923-இல், கணையத்தில் சர்க்கரையை ஏற்றுகிற இந்தப் பொருளையும் கண்டு பெயர் வைத்துவிட்டார்கள். கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் திறந்துவிடும். மயங்கிக் கிடக்கும் பிள்ளை வழக்கமாகப் பதினைந்து நிமிடத்துக்குள் கண் திறக்கும். பழைய வகையில் பொடி தனி, திரவம் தனி. ஊசியால் திரவத்தைக் குப்பிக்குள் விட்டு, கலக்கி, மறுபடி உறிஞ்சி, தொடையில் போட வேண்டும். அமைதியான மேசையில் எளிது. கண்ணெதிரே ஒரு குழந்தைக்கு வலிப்பு வரும்போது, கை நடுங்கும்போது, எளிதில்லை. 2019-இல் அமெரிக்காவில் மூக்கில் அழுத்தும் பொடிக்கு அனுமதி கிடைத்தது. 3 மில்லிகிராம், ஒரே அழுத்து. பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கக்கூட வேண்டியதில்லை. கலக்கத் தேவையில்லாத ஊசிகளும் அதே வருடம் வந்தன. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆசிரியர்கள் பயப்படுவது நியாயம். "நான் போட்டு ஏதாவது ஆயிட்டா?" என்ற கேள்வியை நேராகவே என்னிடம் கேட்டார்கள். தேவையில்லாமல் போட்டுவிட்டால் பெரும்பாலும் குமட்டும், வாந்தி வரும், சில மணி நேரம் சர்க்கரை ஏறிக் கிடக்கும். தேவைப்படும்போது போடாமல் விட்டால் வலிப்பு, மூளைக்குச் சேதம், உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

"நர்ஸ் இல்லாமல் நாங்கள் எப்படி?" என்பது அடுத்த கேள்வி. கலிபோர்னியாவில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பள்ளியில் இன்சுலின் போடுவது நர்ஸின் வேலை என்று நர்ஸ்கள் சங்கம் வழக்காடியது. பயிற்சி பெற்ற மற்ற ஊழியர்களும் போடலாம் என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. அளவு பார்த்துப் போட வேண்டிய இன்சுலினுக்கே அப்படி. குளுக்ககானில் கணக்குப் போட ஒன்றுமே இல்லை, எவ்வளவு போட வேண்டும் என்பதை டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்.

நான் கேட்பது கொஞ்சம்தான். லோ என்று சொல்லும் பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். மருந்து பிள்ளையிடம் வரட்டும், பிள்ளை மருந்தைத் தேடிப் போக வேண்டாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சுமார் 15 கிராம் சர்க்கரை, ஜூஸாகவோ குளுக்கோஸ் மாத்திரையாகவோ. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவில்லை, வலிப்பு வருகிறது என்றால் வாயில் ஒன்றுமே ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் போட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நினைவு வரும்போது வாந்தி வரலாம், அதற்காகவும்தான் ஒருக்களித்துப் படுக்க வைப்பது.

போன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் போன் கூடாது என்பதில் எனக்கு முழு சம்மதம். ஆனால் கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கும் பிள்ளைக்கு அந்த போன்தான் மீட்டர், அந்த போன்தான் அலாரம். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

அடுத்த வாரம் தலைமை ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். காலாவதியான அந்தப் பெட்டி பயிற்சிக்கு உதவியது. ஒரு ஸ்பாஞ்சைத் தொடை என்று வைத்துக்கொண்டோம். கணக்கு டீச்சர்தான் முதலில் முன்வந்தார். குப்பியின் மூடியை எடுக்கவே அவருக்கு வெகு நேரமானது, விரல் நடுங்கியது. ஊசியை உருவிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அன்னிக்கு அவளை நான் தனியா அனுப்பியிருக்கக் கூடாது" என்றார். நான் என் ஐந்து மாதக் கதையைச் சொன்னேன்.

புதுப் பெட்டி இப்போது அவள் வகுப்புக் கதவுக்குப் பின்னால், சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டில்லாத ஒரு பையில் தொங்குகிறது. பையின் மேல் காலாவதி தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். விளையாட்டு வகுப்புக்கு அந்தப் பையும் கூடவே போகிறது, யார் தூக்குவது என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை. அலுவலக அலமாரியை இப்போதும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே பழைய விடைத்தாள்கள் இருக்கின்றன.