டி.கே. சண்முகம் சினிமாவில் தோற்றவரா?

"டி.கே. சண்முகம் மேடையில் சிங்கம், சினிமாவில் எடுபடவில்லை." இப்படி எழுதுகிறவர்கள் நட்சத்திரத்துக்கான தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் நடிகர் மட்டுமல்ல, நாடகக் கம்பெனி நடத்தியவர். கம்பெனிக்காரரின் கணக்கே வேறு.

1925-ல் சண்முகமும் சகோதரர்களுமாக அண்ணன் தம்பிகள் நால்வரும் பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு, என்றால் பையன்களுக்குச் சாப்பாடு, தங்க இடம், வாத்தியார், சீன் செட்டு, ஊர் மாறும்போது ரயில் கூலி, எல்லாமே வசூலிலிருந்துதான். ஒரு வாரம் மழை பிடித்தால் கொட்டகை காலி, ஆனால் அடுப்பு எரிந்தாக வேண்டும். போதாததற்கு மகரக்கட்டு, அதாவது வயது வரும்போது குரல் உடைவது, வேறு. ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போடும் பையனுக்குப் பதினாலு வயதில் குரல் உடைந்தால், அவனை நம்பி நடந்த நாடகங்கள் அத்தனையும் அன்றோடு படுத்துவிடும்.

அந்தக் கம்பெனியின் மேடை நாடகம்தான் 1935-ல் 'மேனகா' படமானது. மூலம் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். இயக்கம் ராஜா சாண்டோ. புராணப் படங்கள் வரிசையாக வந்த காலத்தில் ஒரு சமூகக் கதை. சண்முகத்துக்கு வயது 23.

இங்கேதான் தொழில் சிக்கல். மைக் இல்லாத கொட்டகையில் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பேசிப் பழகிய குரல் அது. அதே வீச்சில் ஸ்டூடியோ மைக்கில் பேசினால் ஒலிப்பதிவு கரகரவென்று உடையும். குரலைத் தணித்தால், குரலோடு சேர்ந்து வந்த கையசைவும் தணிந்து நடிப்பே பாதியாகிவிடும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் சொல் மைக்கில் விழாது.

பாட்டு இன்னும் மோசம். பின்னணிப் பாடல் வராத காலம். நடிக்கிறவரே பாட வேண்டும். ஆர்மோனியமும் பிடிலும் காமிரா பார்வைக்கு வெளியே, அதே நேரத்தில் வாசித்தாக வேண்டும். மேடையில் சுருதி காதருகே இருக்கும், இங்கே எட்டத்தில். பேசும் படத்தின் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நாலு நிமிடப் பாட்டில் கடைசிச் சரணம் பிசகினால் 360 அடி போச்சு, பல்லவியிலிருந்து மறுபடி. மேடையில் அதே பிசகை பின்பாட்டுக்காரர் ஓர் இழுப்பு இழுத்துச் சமாளித்துவிடுவார்.

என் பார்வையில் பெரிய இழப்பு வேறு. நாடகம் தினமும் பழுது பார்க்கப்படுகிற பொருள். இன்று சிரிப்பு வராத வசனத்தை நாளை வெட்டலாம், ஒன்ஸ்மோர் கேட்ட இடத்தை நீட்டலாம். சினிமாவில் பிரிண்ட் போட்ட பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. சபையோரைப் பார்த்து நாடகத்தைத் திருத்துவதுதான் கம்பெனிக்காரரின் முதல் திறமை. படம் எடுக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

அப்படியும் சகோதரர்கள் சினிமாவை விடவில்லை: 1941-ல் 'குமாஸ்தாவின் பெண்', 1948-ல் 'பில்ஹணன்'. இரண்டும் அவர்கள் மேடையில் அடித்துப் பார்த்த சரக்கு. கம்பெனியையும் கலைக்கவில்லை. என்.எஸ். கிருஷ்ணன், ஏ.பி. நாகராஜன், சிறுவன் கமல்ஹாசன் எல்லாரும் அந்தப் பட்டறை வழியாக வந்தவர்கள். இதை எந்தப் பெட்டியில் 'தோல்வி' என்று போடுவது? தம்பி பகவதி 1958-ல் 'சம்பூர்ண ராமாயண'த்தில் ராவணனாக நின்றபோது பின்னணி பாட சி.எஸ். ஜெயராமன் இருந்தார், அண்ணன் தம்பிகள் 1935-ல் பட்ட பாடு அவருக்கு இல்லை.

மேடையில் சண்முகத்தின் உச்சம் ஔவைப் பாட்டி வேடம். கூன் முதுகு, கோல், கிழவியின் நடுங்கும் குரல். கொட்டகையின் இருபது அடி தூரத்தில் அது பாட்டிதான். குளோசப் வைத்தால் முகவாயும் குரல்வளையும் ஆணைக் காட்டிக்கொடுத்துவிடும். 1953-ல் ஜெமினி 'ஔவையார்' எடுத்தபோது கோல் கே.பி. சுந்தராம்பாள் கைக்குப் போனது. சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு வைத்த பெயர் மட்டும் அவ்வை சண்முகம் சாலை.