நடுவழி ஸ்டேஷனில் நிற்பவரின் லேட்டுக்கு யார் கணக்கு வைப்பது?

பாசஞ்சர் ரயில் கடைசி ஸ்டேஷனுக்கு நேரத்துக்குப் போய்விட்டது, அதனால் வண்டி லேட் இல்லை. ஒற்றைப் பாதையில் இருக்கிற சின்ன ஸ்டேஷன்காரர்கள் அத்தனை பேர் வயிற்றிலும் அடிப்பது இந்த ஒரு கணக்குதான். ஆறே முக்காலுக்கு வரவேண்டிய வண்டி ஏழு இருபதுக்கு வருகிறது. காலேஜ் பிள்ளைகளுக்கு முதல் பீரியட் போச்சு, கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்களுக்கு டோக்கன் போச்சு. ஏட்டில் மட்டும் அந்த வண்டி 'ரைட் டைம்'.

இது எப்படி நடக்கிறது என்று நிறைய பேருக்குத் தெரிவதில்லை. ரயில்வே நேரந்தவறாமையைக் கணக்குப் பார்ப்பது வண்டி போய் முடிகிற ஸ்டேஷனில். அங்கே 15 நிமிடம் வரை பிந்தினாலும் சரியான நேரத்தில் வந்ததாகவே எழுதப்படும். இது போதாதென்று டைம் டேபிளிலேயே கடைசிப் பகுதியில் கூடுதல் நிமிடங்களைச் சொருகி வைத்திருப்பார்கள். பாதையில் வேலை நடந்தால் ஈடுகட்ட, வழியில் பிந்தியதைப் பிடிக்க என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். காரணம் நியாயமானதுதான். அந்த நிமிடங்களை எல்லாம் ஒரே இடத்தில், அதுவும் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அநியாயம்.

நீங்களே சரிபார்க்கலாம். தினமும் போகிற வண்டியின் டைம் டேபிளை எடுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். வழியெல்லாம் 8 கிலோமீட்டருக்கு 9, 10 நிமிடம் என்று வரும். கடைசி 6, 7 கிலோமீட்டருக்கு மட்டும் 25 நிமிடம், 30 நிமிடம் என்று நிற்கும். அங்கே என்ன மலையா ஏறுகிறது வண்டி? 25 நிமிடம் கொடுத்த இடத்தை 9 நிமிடத்தில் கடந்தால் 16 நிமிடம் மிச்சம். மேலே 15 நிமிடச் சலுகை. ஆக, நடுவழியில் 31 நிமிடம் பிந்திய வண்டிகூடச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்த வண்டிதான். அந்த 31 நிமிடமும் முழுசாக யார் தலையில் விழுகிறது? கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறவர் தலையில்.

ஒற்றைப் பாதை என்றால் கிராஸிங் இருக்கும், அதாவது ஒரு வண்டி ஸ்டேஷனில் ஒதுங்கி நின்று எதிர்வண்டிக்கு வழிவிடும், அது எங்களுக்கும் தெரியும். விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற பாதையை இன்றைக்கும் ஊர்க்காரர்கள் மெயின் லைன் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த, விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைனுக்கு இரட்டைப் பாதை கிடைத்துவிட்டது. மெயின் லைனுக்கு மின்சாரக் கம்பி வந்தது, இரண்டாவது தண்டவாளம் வரவில்லை. ஒரே தண்டவாளத்தில் போகவும் வரவும் வண்டி விட்டால் ஒன்று ஒதுங்கித்தான் ஆகவேண்டும். ஒதுங்குவது எப்போதும் பாசஞ்சர்.

ஒரு கிராஸிங் எவ்வளவு நேரம் தின்னும் என்று பாருங்கள். பாசஞ்சர் லூப் லைனுக்கு, அதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதைக்குத் திரும்பும்போது, தண்டவாளம் பிரிகிற பாயிண்ட் மேல் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. நிறைய இடங்களில் அதைவிடவும் குறைவு. எதிரே வருகிற எக்ஸ்பிரஸ் அடுத்த ஸ்டேஷனை அப்போதுதான் தாண்டியிருந்தால், நடுவே 8, 10 கிலோமீட்டர், அதற்கு 7, 8 நிமிடம். அது முழுசாக உள்ளே வந்ததா என்று கடைசிப் பெட்டியின் பின்னால் மாட்டியிருக்கும் எல்.வி. (கடைசி வண்டி) பலகையைப் பார்த்து உறுதி செய்யவேண்டும். அந்தப் பக்க ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி வாங்கவேண்டும். பாயிண்ட்டைத் திருப்பவேண்டும். வண்டியைக் கிளம்பச் சொல்லும் ஸ்டார்ட்டர் சிக்னல் விழவேண்டும். எல்லாம் சேர்த்து, எதுவுமே தப்பாமல் நடந்தாலும் 12, 13 நிமிடம் ஆகும். எதிர்வண்டி 20 நிமிடம் லேட் என்றால் அந்த 20 நிமிடமும் பாசஞ்சரின் கணக்கில் ஏறும். அதற்குள் பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் நெருங்கிவிட்டால் அதையும் முன்னே விட்டுவிட்டுத்தான் இதை எடுப்பார்கள். ஒரு கிராஸிங்குக்கு என்று நின்ற வண்டி இரண்டு வண்டிக்கு வழிவிட்டு நிற்பது இப்படித்தான்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வண்டியை எந்த ஸ்டேஷனில் நிறுத்துவது என்று அவர் முடிவு செய்வதில்லை. கோட்டத் தலைமையிடத்தில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் கன்ட்ரோலர் போனில் சொல்வதை அவர் செய்கிறார். எக்ஸ்பிரஸ் பிந்திப் போய் முடிந்தால் கன்ட்ரோலருக்கு மேலிருந்து கேள்வி வரும். பாசஞ்சர் நடுவழியில் பிந்தினால் கேள்வி வராது, கடைசியில்தான் சேர்த்துப் பிடித்துவிடலாமே! கேள்வி வராத இடத்தில் எந்த மனுஷன் தலையை உடைத்துக்கொள்வான்? எனவே கோபம் அந்த மனிதர் மேல் போகவேண்டியதில்லை, கணக்கெடுக்கும் முறை மேல் போகவேண்டும்.

பாசஞ்சர் என்றால் எவ்வளவு இளக்காரம் என்பதற்குத் திருவாரூர் – காரைக்குடி பாதை ஒன்று போதும். அகலப்பாதை ஆக்கி 2019-ல் வண்டி விட்டார்கள். வழியில் இருக்கிற கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. கேட்கீப்பர்கள் இரண்டு பேர் வண்டியிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார், வண்டி தாண்டி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ்ஸில் பாதி நேரத்தில் போய்விடலாம் என்றால் யார் ஏறுவார்கள்? யாரும் ஏறவில்லை என்றால் அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததுதான்: இந்தப் பாதைக்குக் கூட்டம் இல்லை, வண்டி தேவையில்லை.

கட்டணம் ஏற்றும்போது மட்டும் பாசஞ்சரை மறக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வண்டிகளைத் திரும்ப விட்டபோது இவற்றுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டார்கள். 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரி கடைசியில்தான் அது மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது. அத்தனை காலமும் எக்ஸ்பிரஸ் காசு கொடுத்தவர்கள் லூப் லைனில்தான் கிடந்தார்கள்.

சரி, லேட்டாகிறது. அதைச் சொல்லவாவது வேண்டாமா? ஆப்பில் பார்த்தால் 8 நிமிடம் தாமதம் என்று காட்டும். அது வண்டி கடைசியாகக் கடந்த ஸ்டேஷனின் தாமதம். அடுத்த ஸ்டேஷனில் கிராஸிங்குக்காக அது இன்னும் 20 நிமிடம் நிற்கப்போகிறது என்பது கன்ட்ரோலருக்குத் தெரியும், ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும், பிளாட்பாரத்தில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு மட்டும் தெரியாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கிற அந்தப் பதிவுக்குரல் வருவது வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைகிற ஹோம் சிக்னலுக்கு வந்த பிறகு. பல நேரம் அப்போதுதான் தெரியும், வண்டி முதல் பிளாட்பாரத்துக்கு வரவில்லை, இரண்டுக்கு வருகிறது என்று. முட்டி வலிக்காரர்கள் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடும், அல்லது தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பார்கள். தண்டவாளத்தைக் கடப்பது குற்றம் என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். எந்த பிளாட்பாரத்துக்கு வண்டி வரப்போகிறது என்பதைப் பத்து நிமிடம் முன்னால் மைக்கில் சொன்னால் பாதிப் பேர் அதைச் செய்யமாட்டார்கள்.

டிக்கெட் விஷயம் இன்னும் கொடுமை. கூட்டம் குறைவான ஸ்டேஷன்களில் தனி புக்கிங் கிளார்க் கிடையாது, ஸ்டேஷன் மாஸ்டரே டிக்கெட்டும் கொடுப்பார். வண்டி வர 15 நிமிடம் இருக்கும்போதுதான் வரிசை நீளும். அதே 15 நிமிடத்தில்தான் அவருக்கு அடுத்த ஸ்டேஷனோடு இணைந்த பிளாக் கருவி மணி அடிக்கும், போன் வரும், சிக்னல் போடவேண்டும். அவர் எழுந்து போவார், கவுன்ட்டர் அப்படியே நிற்கும். அவர் எழுந்து போவது சரி, உயிர் சம்பந்தப்பட்ட வேலை அது. ஒரே ஆளுக்கு இரண்டு வேலையையும் கொடுத்ததுதான் தப்பு. போனில் எடுக்கலாமே என்பார்கள். ஸ்டேஷன் எல்லைக்குள் நின்றுகொண்டு பேப்பர் இல்லாத டிக்கெட் எடுக்க முடியாது. வெளியே ரோட்டுக்குப் போகவேண்டும், அல்லது ஒட்டியிருக்கும் க்யூஆர் தாளை ஸ்கேன் செய்யவேண்டும். அந்தத் தாள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தால் போன் படிக்காது. டிக்கெட் இல்லாமல் ஏறினால் டிக்கெட் காசோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 10 ரூபாய் டிக்கெட்டை வாங்க வரிசையில் நின்றவருக்கு!

எக்ஸ்பிரஸ் ஒரு நிமிடம் நிற்கிற ஸ்டேஷன்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 24 பெட்டி வண்டியின் நீளம் ஏறக்குறைய 600 மீட்டர். முன்பதிவில்லாத பெட்டிகள் இரண்டு முனையிலும் இருக்கும். பிளாட்பாரம் அந்த நீளத்துக்கு இல்லாவிட்டால் அந்த முனைப் பெட்டிகள்தான் ஜல்லியில் நிற்கும். உயர பிளாட்பாரம் என்றால் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. இருக்கவேண்டும். ஜல்லியில் நின்று ஏறும்போது முதல் படியே முட்டிக்கு மேலே இருக்கும். பையை முதலில் உள்ளே எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கவேண்டும். அறுபது வயதுக்காரர் ஒரு நிமிடத்தில் இதைச் செய்யவேண்டும்.

செய்யவேண்டியதற்குப் புதுப் பாலமோ புதுப் பாதையோ வேண்டாம். சொருகிய நிமிடங்களைக் கடைசியில் குவிக்காமல் வழியில் மூன்று நான்கு இடங்களில் பிரித்துப் போடட்டும். பாசஞ்சர் வண்டிகளின் நேரத்தை நடுவில் இரண்டு ஸ்டேஷனிலாவது கணக்கெடுக்கட்டும். காலை 6 முதல் 9 வரை, பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறுகிற ஒரு வண்டியையாவது லூப்பில் போடாமல் விடட்டும்.

புகார் கொடுக்கிறவர்கள் 'வண்டி தினமும் லேட்' என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு ஒரு வரி பதில் வந்து முடிந்துவிடும். 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலோ, 'ரயில் மதத்' (RailMadad) என்ற புகார் தளத்திலோ போடும்போது வண்டி எண், தேதி, உங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டிய நேரம், வந்த நேரம், எங்கே எத்தனை நிமிடம் நின்றது, எந்த வண்டிக்கு வழிவிட்டது என்று எழுதுங்கள். ஒரே வண்டிக்கு இருபது நாள் விவரம் சேர்த்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் நடு ஸ்டேஷன் நேரங்களைக் கேளுங்கள்.

விவரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டர் மேசையிலும் டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டர் என்று ஒரு பெரிய நோட்டு விரித்திருக்கும். எந்த வண்டிக்கு எப்போது லைன் கிளியர் கொடுத்தார்கள், எப்போது வந்தது, எப்போது போனது என்று மணியும் நிமிடமும் போட்டு, கட்டம் கட்டமாக, ஒரு வண்டி விடாமல் எழுதியிருப்பார்கள். கன்ட்ரோல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதே நேரங்கள் ஏறுகின்றன. ஆறே முக்கால் வண்டி ஏழு இருபதுக்கு வந்தது அந்த நோட்டில் இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறோம்.