அஞ்சு நிமிசத்துல காசு வருதாம், எவ்வளவு காசு?

ஐபிஎல் தொடங்கிட்டா போதும், நம்ம ஊர் பயலுக பாதிப் பேரோட வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒரே மாதிரி ஆயிடும். "வித்ட்ரோ 5 நிமிசத்துல, நம்பிக்கையான ஐடி, ராத்திரி பகல் சேவை"ன்னு ஒரு போட்டோ, கூடவே யாருக்கோ காசு போன பேங்க் ஸ்கிரீன்சொட், கீழ ஒரு நம்பர். எல்லாம் ஒன்லைன்ல கிரிக்கெட் பந்தயம் கட்ட எக்கவுண்ட் (அதுதான் ஐடி) எடுத்துக் குடுக்குற ஏஜென்ட்மாரோட விளம்பரம், வித்ட்ரோன்னா ஜெயிச்ச காச வெளிய எடுக்குறது. அந்த ஸ்கிரீன்சொட்ட கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. 4,000, 7,500, மிஞ்சிப் போனா 20,000. இந்த அளவு காச அஞ்சு நிமிசத்துல குடுக்குறது ஒரு கெட்டித்தனமே இல்ல. நாலு லட்சம் ஜெயிச்சவனுக்கு எத்தன நாள்ல குடுத்தான்னு ஒரே ஒரு ஸ்கிரீன்சொட் போடச் சொல்லுங்க பார்ப்போம்.

வேகமா குடுக்குறான், அதனால நல்லவன்னு நம்ம ஆளுக போடுற கணக்கே தப்புன்னுதான் நான் சொல்றேன். காசு உள்ள போற வேகம் வேற, வெளிய வர்ற வேகம் வேற, தொகை பெருக்கப் பெருக்க அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் கூடிக்கிட்டே போகுது, அந்த தூரத்துலதான் அவன் சம்பாதிக்கிறான்.

எனக்கு நம்ம மலையகத்து ஹட்டன்ல ஒரு கொமினிகேசன் கடை இருக்கு. ரீலோட், ஈசி கேஷ், போட்டோகொப்பி, பேங்க் அப் போட்டுக் குடுக்குறது, பாஸ்வேர்ட் மறந்தா எடுத்துக் குடுக்குறது எல்லாம் செய்றோம், அதனால யாரு எப்ப எதுக்கு காசு மாத்துறாங்கன்னு கேக்காமலே தெரிஞ்சிரும். முன்னாடி ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்குக்கு காசு போட்டா பல நேரம் அடுத்த வேல நாள் வரைக்கும் காத்திருக்கணும், வெள்ளிக்கிழம பின்னேரம் போட்டா திங்கக்கிழம போய் பாக்கணும். 2015ல லங்காபேயோட சிஈஎப்டிஎஸ், அதாவது பேங்குக்கு பேங்க் உடனே காசு போற முறை வந்துச்சு, அப்புறம் எல்லா பேங்கும் போன்ல அப் குடுத்தாங்க, இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கும் பௌர்ணமிப் போயா லீவுலயும் செக்கன்ல போகுது. கொழும்புல கடையில நிக்கிற மகன் அம்மாவுக்கு மருந்துக் காசு அனுப்ப இத விட நல்ல வசதி இல்ல, அத குறை சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா அதே பாதையிலதான் 12ஆவது ஓவர்ல தோத்தவன் 13ஆவது ஓவர் முடியிறதுக்குள்ள திரும்பக் காசு ஏத்துறான். முன்னாடி இருந்த அந்த ஒரு ராத்திரி, ஒரு சனி ஞாயிறு, அது நம்ம சோம்பேறி பேங்க் முறையால வந்த தடைதான், ஆனா எத்தனையோ பேர காப்பாத்தியிருக்கு.

ஹை ஸ்டேக்ஸ், அதாவது பெரிய தொகைப் பந்தயம்னு சொன்னதும் கோட் சூட் போட்டு கொழும்பு கசினோவுல உக்காந்திருக்கிற ஆள நெனைக்காதீங்க. தேயிலத் தோட்டத்துல நாள் சம்பளம் 1000 ரூவாயில இருந்து 1350 ஆகுறதுக்கு 2024 வரைக்கும் இழுபட்டுச்சு, அதுவும் முழு நாள் கணக்கு (முழுப் பேர்) விழுந்தாத்தான், கொழுந்து கொறஞ்சா அரப் பேரு. அந்த லயத்துப் பையன் ஒரு மேட்சுக்கு 50,000 கட்டுறான்னா அதுதான் ஹை ஸ்டேக்ஸ். அது எங்க இருந்து வருது? சீட்டு எடுத்த காசு, தீபாவளி அட்வான்ஸ், அக்காவோட தோடு. பந்தயக் கொம்பனிக்காரன் அவனையும் விஐபின்னுதான் கூப்பிடுறான், தனியா ஒரு மெனேஜர் வேற, "பிரதர் சாப்டாச்சா"ன்னு மெசேஜ் போடுவாரு.

இப்ப கணக்குக்கு வருவோம், இதுதான் முக்கியம். ரெண்டு பக்கமும் சரிசமமான ஒரு பந்தயத்துக்கு கொம்பனிக்காரன் 1.90 ஒட்ஸ் (1 ரூவா கட்டி ஜெயிச்சா 1.90 திரும்பும்) குடுக்குறான்னு வைங்க, நியாயமா 2 குடுக்கணும். அதாவது 100 கட்டினா சராசரியா 95 தான் திரும்பும். ஒரு லட்சத்த ஒரே ஒரு தடவ கட்டினா கணக்குப்படி 5,000 போகும். அதே மாதிரி ஒவ்வொரு லட்சமா ஒரு மேட்சுக்குள்ள பத்து தடவ கட்டினா மொத்தம் 10 லட்சம் கட்டியாச்சு, போறது 50,000. ஒட்ஸ் மாறல, கட்டுறவன் மூளையும் குறையல, காசு சுத்துற வேகம் மட்டும்தான் கூடுச்சு. ஜெயிச்ச காசு உடனே எக்கவுண்ட்ல ஏறுறது உங்களுக்கு செய்ற உபகாரம் இல்லங்க, அடுத்த ஓவருக்கு கட்டத்தான். இதுல இன்னொரு கூத்து, நம்ம ஆளு போன்ல பாக்குற ஸ்ட்ரீம் மைதானத்துல நடக்குறதுக்கு பல செக்கன் பின்னாடி ஓடுது, மலையில சிக்னல் இழுத்தா இன்னும் மோசம், அவன் விக்கெட் விழுமான்னு யோசிக்கிறப்ப அங்க விழுந்து ஆளு நடந்து போய்க்கிட்டிருப்பாரு.

உடனே சில பேர் "அப்ப பழைய குதிர ரேஸ் புக்கிக் கடை நல்லதா"ன்னு வருவீங்க. இல்ல. எத்தன சம்பள நாள் அந்த கடைக்குள்ள போய் வெறுங்கையோட வந்திருக்குன்னு நம்ம வீட்டு பொம்பளைகளக் கேளுங்க. நான் சொல்றது காசு நகர்ற விதத்த மட்டும். இங்கிலாந்துல மத்தியானம் ஓடுற குதிர நமக்கு சாயந்தரம், ஓடி முடிஞ்சு ஜொக்கிமார் எடை பார்த்து ரிசல்ட் உறுதியாகணும், அப்புறம் பந்தயத் துண்டக் குடுத்தா கையில நோட்டு வரும், அந்த நோட்டோட கடைய விட்டு வெளிய நடந்திரலாம். வெளிய வந்த காச திரும்ப உள்ள இழுக்க புக்கிக்காரன்கிட்ட பட்டன் கிடையாது.

பட்டன்னு ஏன் சொல்றேன்னா, போன வருசம் மஸ்கெலியா பக்கத்துத் தம்பி ஒருத்தன், கொழும்புல ஹாட்வெயார் கடையில வேல, லீவுக்கு வந்தவன் போன நீட்டி "அண்ணே இதுல என்னா போட்டிருக்குன்னு பாருங்க"ன்னான். 3,80,000 ரூவா. பக்கத்துல மஞ்சள் எழுத்துல புரொசெஸிங்ன்னு சின்னதா இருக்கு. அதுக்குக் கீழ இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் பச்சக் கலர்ல ஒரு பட்டன், வித்ட்ரோவ கென்சல் பண்ணி விளையாட்டத் தொடரலாமாம்.

"எப்ப தம்பி போட்டது?"

"நாயித்துக்கெழம ராத்திரிண்ணே."

"நீ காசு ஏத்துறப்ப எவ்வளவு நேரம் எடுத்துச்சு?"

"அது ஒடனே ஏறிரும்ண்ணே."

அடையாள அட்டைய முன்பக்கம் பின்பக்கம் அனுப்பியிருக்கான், அப்புறம் அட்டையப் பிடிச்சுக்கிட்டு ஒரு செல்பி, அப்புறம் பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்புறம் படம் தெளிவில்லன்னு மறுபடி முதல்ல இருந்து. இதுக்கு நடுவுல அந்த மெனேஜரு இன்னிக்கு மேட்சுக்கு போனஸ் தர்றேன்னு மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்காரு. புதன்கிழம ராத்திரி தம்பி அந்த பச்ச பட்டன அமத்திட்டான், 50,000 மட்டும் எடுத்து விளையாடலாம்னுதான் நெனைச்சானாம், ஆனா அது முழுத் தொகையையும் உள்ள கொண்டு வந்திரும். வெள்ளிக்கிழம எக்கவுண்ட்ல ஆயிரத்துச் சொச்சம். காசு ஏத்துறப்ப ஒருத்தனும் அவன்கிட்ட அடையாள அட்ட கேக்கல.

அவனுக்குப் புத்தி இல்லன்னு சொல்லிட்டுப் போறது லேசு. ஆனா இது ஒருத்தனோட கொறையா இருந்தா இங்கிலாந்துல இதுக்குன்னு விதி போட்டிருக்க மாட்டாங்க. வெளிய எடுக்கப் போட்ட காச திரும்ப பந்தயத்துக்கு இழுக்குறத ரிவர்ஸ் வித்ட்ரோவல்னு சொல்வாங்க, 2020 மே மாசம் லொக்டவுன் நேரத்துல அங்க உள்ள சூதாட்ட ஆணைக்குழு அத நிறுத்தச் சொல்லிச்சு, 2021 ஒக்டோபர் கடைசியில இருந்து அது நிரந்தர விதி. 2019 மே மாசத்துல இருந்து, ஆளு யாரு வயசு என்னன்னு பந்தயம் கட்ட முன்னாடியே பாக்கணும், முன்னாடியே கேட்டிருக்கக்கூடிய பேப்பர ஜெயிச்ச பிறகு கேட்டு காச நிறுத்தக் கூடாது. 2020 ஏப்ரல்ல இருந்து கிரெடிட் காட்ல பந்தயம் கட்ட ஏலாது. அவுஸ்திரேலியாவுல 2024 ஜூன்ல ஒன்லைன் பந்தயத்துக்கு கிரெடிட் காட், கிரிப்டோ ரெண்டையும் வெட்டிட்டாங்க, ஓடிக்கிட்டிருக்கிற மேட்சுக்கு கட்டணும்னா அங்க ஒன்லைன்ல முடியாது, போன் பண்ணித்தான் கட்டணும். கவனிச்சுப் பாருங்க, எல்லாமே ஒரே வேலதான், உள்ள போற வழிய கஷ்டமாக்குறது, வெளிய வர்ற வழியில நிக்க விடாம அனுப்புறது. நம்ம வட்ஸ்அப் ஐடிக்காரன் செய்றது இதுக்கு நேர்மாறு.

பெரிய தொகைக்கு நேரம் எடுக்குறதே பிழைன்னு நான் சொல்லல. கள்ளக் காசு வெள்ளையாக பந்தயக் கடை நல்ல வழி, அதனால ஒழுங்கான கொம்பனியும் பெரிய தொகைய ஆளு வச்சுத்தான் பார்க்கும், காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கும். நம்ம பேங்க் பக்கத்துலயும் உடனடிப் பரிமாற்றத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அதுக்கு மேல ஆர்டிஜிஎஸ்னு பெரிய தொகைக்கான முறை, அது வேல நாள்ல வேல நேரத்துல. இதெல்லாம் நியாயமான தாமதம். நான் கேக்குறது அந்த தாமதம் ஓடிக்கிட்டிருக்கிற நேரத்துல காசு யாரு கையில இருக்கு, அத திரும்ப பந்தயத்துல போட வழி வச்சிருக்காங்களா இல்லையா, அவ்வளவுதான். இன்னும் சிலர் அதுக்குத்தான் கிரிப்டோன்னு வருவாங்க, யூஎஸ்டிடி (டொலர் விலையில நிக்கிற கிரிப்டோ) நிமிசத்துல வந்திரும்னு. வரும், அவன் அனுப்பினா. அனுப்பலன்னா யாருகிட்ட போவீங்க? கிரிப்டோ வாங்க காட் பாவிக்கக் கூடாதுன்னு மத்திய வங்கி 2021லயே சொல்லியாச்சு, அப்புறம் கொழும்புல போய் முறைப்பாடு குடுத்தா முதல் கேள்வியே நீங்க எப்படி வாங்கினீங்கன்னுதான் வரும்.

இதுல நம்ம பிள்ளைகளுக்கு நேரடியா ஆபத்தான விசயம் ஒன்னு இருக்கு. அந்த அஞ்சு நிமிச வேகம் எங்க இருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? ஏஜென்ட் காசு போடச் சொல்ற எக்கவுண்ட் இன்னிக்கு ஒரு பேர், நாளைக்கு ஒரு பேர். அந்தப் பேரெல்லாம் நம்ம ஊர்ப் பேருங்க, ஏஎல் பரீட்ச முடிச்சிட்டு சும்மா இருக்கிற பிள்ளைகளோட பேரு. பேங்க் காட்டயும் சிம்மையும் குடுத்தா மாசம் ஒரு தொகைன்னு வாடகைக்கு எடுக்குறான். இங்க 10 லட்சமும் அதுக்கு மேலயும் போற பரிமாற்றத்த பேங்க், மத்திய வங்கியோட நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கணும், அதுக்குக் கீழ இருந்தாலும் சந்தேகமா இருந்தா அறிவிக்கணும், இது 2006 சட்டம். எக்கவுண்ட முடக்கி விசாரிக்க வர்றப்ப ஏஜென்டோட நம்பர் வேல செய்யாது, பாஸ்புக்ல இருக்கிறது உங்க மகளோட பேருதான். என் கடைக்கு வந்து புது எக்கவுண்டுக்கு அப் போடச் சொல்லி, சிம் மட்டும் வேற ஆள்கிட்ட இருக்குன்னா நான் செய்து குடுக்குறதில்ல, கோவிச்சாலும் பரவால்ல.

2025ல சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு பாராளுமன்றத்துல சட்டம் நிறைவேத்தியிருக்காங்க. வரி எவ்வளவு, லைசன்ஸ் யாருக்குன்னுதான் பேசுறாங்க, அந்த பச்ச பட்டனப் பத்தி யாரும் பேசிக் கேக்கல. லைசன்ஸ் குடுக்குற ஒவ்வொருத்தனுக்கும் அத எடுக்கச் சொல்லி முதல் நிபந்தனையா போடுங்கன்னு கேக்கணும், நம்ம எம்பிமார் சம்பளப் பிரச்சினைக்கு நடுவுல இதுக்கும் ஒரு நிமிசம் எழும்பலாம். ஏஜென்ட்மார் லைசன்ஸ் எடுக்கப் போறதில்ல, அது எனக்கும் தெரியும், அவங்கள பிடிக்கணும்னா வாடகை எக்கவுண்ட் வழியாத்தான் போகணும், அதுக்கு பேங்க்காரங்கதான் வாயத் திறக்கணும்.

இத படிச்சிட்டு இன்பொக்ஸ்ல வந்து "அண்ணே எங்க ஐடி அப்படி இல்ல, ட்ரை பண்ணிப் பாருங்க"ன்னு நம்பர் அனுப்புறவங்கள நேரா பிளொக் பண்ணிருவேன். அது மட்டும் அஞ்சு நிமிசம்கூட எடுக்காது.